மூடியின் மேல் தண்ணீர்

ஜனவரியில் ஒரு திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்குக் கட்டிலடியில் ஒற்றைக் காலுறையைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் வெண்டலுக்குப் பம்பு ஞாபகம் வந்தது. முட்டி போட்டவன் அப்படியே இருந்துவிட்டான். பக்கத்து வீட்டு நோரீனின் நீச்சல்குளத்து மூடியின் மேல் நேற்று மதியம் அவன் வைத்துவிட்டு வந்த பம்பு. ஒரு மணி நேரம் ஓடவிட்டு அணைத்துவிடலாம் என்றுதான் வைத்தான். அதற்குள் டிவியில் பஃபலோ அணியின் கால்பந்தாட்டம் தொடங்கிவிட்டது. பிறகு மைத்துனன் வீட்டில் பொரித்த கோழி இறக்கை, பீர், தோற்றுப்போன துக்கம், அந்தத் துக்கத்திலேயே நல்ல தூக்கம். எண்ணிப் பார்த்தான். பதினெட்டு மணி நேரம் ஆகியிருந்தது.

ஒரு காலில் உறை, மறுகாலில் வெறும் பூட்ஸ் என்று கொல்லைப்புறம் ஓடினான். பம்பு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் தண்ணீரை அல்ல, காற்றை உறிஞ்சிக் கரகரத்துக்கொண்டிருந்தது. முந்தின நாள் குளத்தின் வாய்வரை இறுக்கமாக இருந்த பச்சை மூடி இப்போது உள்ளே தொங்கித் தரையில் கிடந்தது. குழாயின் மறுமுனையிலிருந்து பள்ளம் வரைக்கும் புல்வெளி சதசதவென்று நனைந்திருந்தது. அவன் மூடியைப் பிடித்து இழுத்துப் பார்த்தான். பம்பு உட்கார்ந்திருந்த இடத்தில் பென்சில் நுழையும் அளவுக்கு ஒரு பொத்தல்.

குளம் வைத்திருக்கும் எவருக்கும் தெரிந்த சங்கதி இது. பனி உருகி மூடியின் மேல் தேங்கும் தண்ணீரை இறைக்கத்தான் அந்தப் பம்பு. மூடியில் பொத்தல் இருந்தால் மேல்தண்ணீர் எது, குளத்துத் தண்ணீர் எது என்று பம்புக்குத் தெரியாது, மொத்தத்தையும் குடித்துவிடும். தரைக்கு மேல் நிறுத்திய குளத்துக்கு உள்ளே தண்ணீர் இருக்கும்வரைதான் தெம்பு. தண்ணீர் போனால் அந்தத் தகரச் சுவர் நிற்பது காற்றின் தயவில். அதனால்தான் பம்பை வைத்த ஆள் பக்கத்திலேயே நிற்க வேண்டும். மகள் வீட்டுக்குக் கிளம்பும்போது நோரீன் இதை அவனிடம் மூன்று தடவை சொன்னார். மூன்று தடவையும் அவன் பெரிய மனுஷன் மாதிரித் தலையாட்டினான்.

பிளக்கைப் பிடுங்கினான். குழாயைச் சுருட்டினான். பம்பைத் தன் பேண்டிலேயே ஈரம் போகத் துடைத்து, நோரீனின் கொட்டகையில் அது தொங்கிய அதே ஆணியில் மாட்டினான். எதற்காகத் துடைக்கிறோம் என்று அப்போது அவன் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. சாயங்காலம் வந்து குளத்தை நிரப்பிவிடலாம் என்று மட்டும் சொல்லிக்கொண்டான். வெளிக்குழாயை எல்லாம் உறைந்து வெடிக்காமலிருக்க அக்டோபரிலேயே அடைத்தாகிவிட்டது என்பது அவனுக்குத் தெரியாததல்ல. அன்று மதியமே குளிர் திரும்பியது. ஏரிப் பக்கமிருந்து பனிமேகம் கிளம்பி இரண்டு நாள் கொட்டித் தீர்த்தது. ஊர்ச் சாலைத் துறையில் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவன் அவன், லாரியை விட்டு இறங்க நேரமில்லை. புதன்கிழமை வீட்டுக்கு வந்தபோது குளத்தின் மேற்குச் சுவர் உள்பக்கமாக மடிந்து கிடந்தது.

வெறும் குளம் என்றால் அவன் இவ்வளவு வேர்த்திருக்க மாட்டான். நோரீனின் கணவர் லாய்ட் ஜூலையில் இறந்துபோனார். அவ்வளவு பெரிய வீட்டில் தனியாக இருக்க வேண்டாம், சார்லட் நகரத்துக்கு என்னோடு வந்துவிடு என்று மகள் டானா நச்சரித்தாள். அறுபத்து மூன்று வயது நோரீன் பந்தயம் கட்டினார். "இந்தக் குளத்தை நானே மூடுறேன். குளிர்காலத்தைத் தாண்டி அது நின்னா நானும் இங்கேயே நிக்கிறேன். விழுந்தா வாயைத் திறக்காம உன்னோட வந்துடுறேன்." தெருவில் எல்லோரும் குளத்தைப் பிரித்துப் போட்டுவிடுங்கள் என்றுதான் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. லாய்டின் குறிப்பு நோட்டை ஏணிப்படியில் விரித்துவைத்துக்கொண்டு, குப்பை வடிக்கும் ஸ்கிம்மர் வாய்க்கு நாலு விரல் கீழே வரைக்கும் தண்ணீரை இறக்கி, காற்றுத் தலையணையை வாயால் ஊதி நடுவில் மிதக்கவிட்டு, மூடியைச் சுற்றிக் கம்பியை இறுக்கினார். அதற்கு நாலு நாள் பிடித்தது. ஒத்தாசைக்குப் போன வெண்டலை வேலிக்கு அந்தப் பக்கமே நிறுத்திவிட்டார்.

அவன் தொலைபேசியில் அழைத்தான்.

"நோரீன், குளத்துச் சுவர் உள்ள மடிஞ்சிடுச்சு."

 அவர் கேட்டார். "பனியா?"

அந்த ஒற்றைக் கேள்வியில் தப்பிக்க ஒரு கதவு திறந்திருந்தது. அவன் யோசிக்கவே இல்லை. "பனிதான்."

"பம்பு வச்சியா?"

"வச்சேன்."

"பக்கத்துலயே நின்னியா?"

"நின்னேன்."

"அப்போ நான்தான் எங்கயோ கோட்டை விட்டிருக்கேன்" என்றார் நோரீன். "தண்ணியை ரொம்ப இறக்கிட்டேன் போல. இல்லன்னா கம்பியைச் சரியா முறுக்கல. உனக்குத்தான் வீண் அலைச்சல், வெண்டல். மன்னிச்சுக்க."

மன்னிப்பை அவர் கேட்டதுதான் அவனால் தாங்க முடியாமல் போனது. போனை வைத்த பிறகும் காதில் அது சுட்டது. திரும்பக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை எண்களை அழுத்தினான், இரண்டு முறையும் மணி அடிப்பதற்குள் அணைத்துவிட்டான்.

பிப்ரவரியில் நோரீன் திரும்பி வந்தார். தவக்கால வெள்ளிக்கிழமைகளில் தீயணைப்பு நிலையக் கூடத்தில் மீன் வறுவல் சாப்பாடு போடுவார்கள், ஊரே அங்கேதான் கூடும். அங்கே அவர் தன் கதையைத் தானே சிரிப்பாகச் சொன்னார். "பத்தொம்பது வருஷம் அந்த மனுஷன் விசிலடிச்சுக்கிட்டே செஞ்சார். என்னால ஒரு வருஷம் முடியல. எனக்குச் சாவியைக் குடுத்தா காரையே ஏரியில இறக்கிடுவேன்." எல்லோரும் சிரித்தார்கள். மேசையின் கோடியிலிருந்த கிழவர் கஸ் மட்டும் சிரிக்கவில்லை. அவர் முப்பது வருடம் குளம் வைத்திருந்தவர்.

"நாலு விரல் இறக்கினா என்ன, எட்டு விரல் இறக்கினா என்ன? உள்ள அவ்வளவு தண்ணி இருக்கிறப்ப சுவர் மடியாதே" என்றார் கஸ். "டேய் வெண்டல், நீதானே பாத்தே. பனிக்கா விழுந்துச்சு?"

கூடத்தில் எல்லோரும் அவன் பக்கம் திரும்பினார்கள். பனியைப் பற்றி அந்த ஊரில் அவன் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. எந்தப் பனி சறுக்கும், எந்தப் பனி கூரையை உட்கார வைக்கும் என்று அவனைக் கேட்டுத்தான் பள்ளிக்கூடத்துக்கே விடுமுறை விடுவார்கள்.

"ஈரப்பனி, கஸ். செம கனம்" என்றான்.

"அப்ப சரி" என்று கஸ் மீனைப் பிட்டார். அவ்வளவுதான், விவகாரம் முடிந்தது. நோரீன் அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனார். தட்டிய இடம் அவனுக்குக் கூசியது.

அவன் தட்டில் மீன் அப்படியே இருந்தது. வீட்டுக்குப் போகும் வழியில் மனைவி பெவ் அதைப் பொட்டலம் கட்டி மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். "மீனை மிச்சம் வைக்கிற ஆளாய்யா நீ? என்ன, வயிறா, மனசா?"

அவன் லாரி நிறுத்தும் மைதானத்தில் காரை ஓரங்கட்டிவிட்டு எல்லாவற்றையும் சொன்னான். பம்பு, பொத்தல், ஆணி.  கடைசியில் பெவ் பொட்டலத்தை டாஷ்போர்டில் வைத்தாள்.

"துடைச்சா மாட்டினே?"

"ம்."

"பம்பை மறந்தது கிறுக்குத்தனம். யாரும் மறப்பாங்க. துடைச்சு மாட்டினே பாரு, அது வேற. என்கிட்ட எதுக்குச் சொல்றே? நான் என்ன பாதிரியாரா? போய் அந்த அம்மாகிட்டச் சொல்லு."

நாளைக்குச் சொல்கிறேன் என்றான். அந்த நாளை மார்ச் முழுக்க வரவில்லை. பிராயச்சித்தம் என்று நினைத்துக்கொண்டு அவன் நோரீன் வீட்டுப் பாதையின் பனியை விடியுமுன்னே தள்ளினான், அவருடைய குப்பைத் தொட்டியை இழுத்து வைத்தான், படிக்கட்டில் உப்பு தூவினான். நோரீன் நன்றி சொல்லி வாழைப்பழ ரொட்டி சுட்டு அனுப்பினார். ஒரு பக்கம் கடன் தீர்ந்த மாதிரி அவனுக்குத் தோன்றும், ரொட்டியைப் பார்த்ததும் அந்தக் கணக்கு குப்புற விழும். பெவ் ரொட்டியை நறுக்கும்போதெல்லாம் முதல் துண்டை அவன் முன்னால் வைத்து, அவன் மெல்லுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஏப்ரலில் நோரீன் வீட்டு வாசலில் விற்பனைப் பலகை முளைத்தது. வாங்கும் தம்பதி திங்கட்கிழமை கையெழுத்துப் போட வருகிறார்கள், குளத்தின் எலும்புக்கூட்டை அதற்குள் அப்புறப்படுத்த வேண்டும். சனிக்கிழமை வெண்டல் போல்ட்டுகளைக் கழற்ற, நோரீன் அவற்றைக் காப்பி டப்பாவில் போட்டுக்கொண்டு வந்தார். வேறு யாருக்கும் அவை பயன்படப் போவதில்லை என்றாலும் அளவு பார்த்துப் பிரித்துத்தான் போட்டார். குளத்தின் நீல உள்விரிப்பை இருவருமாகச் சுருட்டி ஓரமாகத் தள்ளினார்கள். அடியில் புல் இல்லாத மணல், பெரிய வட்டமாக, ஈரமாக இருந்தது. நோரீன் அதன் நடுவில் போய் நின்றார்.

"சார்லட்ல அவ வீட்ல எனக்கு மாடியறை" என்றார். "ஜன்னலைத் திறந்தா கார் நிறுத்துற இடம். பரவாயில்ல. பந்தயம்னா பந்தயம்தான். தோத்தவ தோத்தவதான்."

"நீங்க தோக்கல" என்றான் வெண்டல்.

குரல் அவனுக்கே அந்நியமாக இருந்தது. ரெஞ்சைக் கீழே போட்டான். "நான் பம்பை வச்சுட்டு ஆட்டம் பாக்கப் போயிட்டேன். மறுநாள் காலையிலதான் ஞாபகம் வந்துச்சு. மூடியில பொத்தல் இருந்திருக்கு. மொத்தத் தண்ணியும் போயிடுச்சு. அதனாலதான் சுவர் விழுந்துச்சு. உங்க வேலையில ஒரு குறையும் இல்ல. நான் நிக்கல, நோரீன். நின்னேன்னு பொய் சொன்னேன்."

 நோரீன் காப்பி டப்பாவை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"எத்தனை மணி நேரம்?"

"பதினெட்டு."

"ஜனவரியிலேர்ந்து தெரியும் உனக்கு."

"தெரியும்."

"மூணு மாசமா என் கையைப் பாக்கிறப்பல்லாம் எனக்கு எரிச்சல் வரும், வெண்டல். ஒரு கம்பியை முறுக்கத் துப்பில்லைன்னு. கல்லறைக்குப் போய் அவர்கிட்ட மன்னிப்புக் கேட்டேன். நீதான் என்னைக் காரில கூட்டிட்டுப் போனே."

அவனால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வைதால் தேவலை என்றிருந்தது. அவர் வையவில்லை. டப்பாவைக் கவனமாக மணலில் வைத்துவிட்டு, கோட்டுப் பையிலிருந்து போனை எடுத்தார்.

"என்கிட்ட சொல்லிட்டே. நான் இதை டானாகிட்டச் சொன்னா, வரப் பிடிக்காம அம்மா கதை கட்டுறான்னு நினைப்பா. நீ சொல்லு."

"இப்பவேவா?"

"திங்கட்கிழமை கையெழுத்து."

அவர் டானாவின் எண்ணை அழுத்தினார், மணி போய்க்கொண்டிருந்தது. வெண்டல் சேற்றுக் கையுறையைக் கழற்றப் பார்த்தான், ஈரத்தில் அது விரல்களை விடவில்லை, பல்லால் கடித்து இழுத்தான். பெவ் அவர்கள் வீட்டுப் பின்படியில் வந்து நின்று வேலிக்கு மேலாகப் பார்ப்பது தெரிந்தது. போனில் எடுக்கும் சத்தம் கேட்டது. "அம்மா? பெட்டியெல்லாம் கட்டியாச்சா?"

 நோரீன் மணல் வட்டத்தின் நடுவில் நின்றபடி, போனை அவன் வாய்க்கு நேராக நீட்டிப் பிடித்திருந்தார்.

"அம்மா? யாரு அங்க?"