கோதண்டபாணி வீட்டுச் சுவரில் தாமல் ஏரி

முசரவாக்கத்தில் பீங்கான் பட்டறை வைத்திருக்கும் நதியாவிடம் தாமல் கோதண்டபாணி ஒரு வேலையோடு வந்தார். விவசாயி, இப்போது கட்சியில் ஒன்றியப் பொறுப்பும் உண்டு. கட்டி முடியப்போகும் புது வீட்டின் கூடத்துச் சுவரில், பன்னிரண்டு டைல்களைச் சேர்த்துப் பதித்தால் தாமல் ஏரி தெரிய வேண்டும். கரையோரம் அந்தப் புது வீடும் தெரிய வேண்டும்.

“பெயின்ட் வேணாங்கய்யா,” என்றாள் நதியா. “உங்க ஏரிக்கரை மரத்தோட சாம்பல்லயே கலர் வரும். களிமண்ணும் கல்பொடியும் சேர்த்துப் பூசி சூளையில வெச்சா, கண்ணாடி மாதிரி உருகி ஒட்டிக்கும்.”

“ஏரிக்கரைய எரிச்சிட்டு ஏரி செய்யறேன்றியாமா?”

“எரிக்கலீங்க. எரிஞ்சி கெடக்கறத எடுத்துக்கறேன்.”

அவள் கணவன் அருள் லோடு ஆட்டோ ஓட்டுபவன். இருவரும் ஒரு வாரம் தாமலைச் சுற்றினார்கள். டீக்கடை அடுப்பில் வேலிக்காத்தான் முள்மரச் சாம்பல் கிடைத்தது, கல்யாண மண்டபத்தில் புளிய விறகுச் சாம்பல். கோதண்டபாணியின் மனைவி தேவகி, தங்கள் கழனி வைக்கோலைத் தானே கொளுத்தி அள்ளிக் கொடுத்தாள். வழியில் ஒரு பெரியவர் சாம்பலைப் பார்த்து ஆட்டோவை நிறுத்திக் கையை நீட்டினார்.

“எந்தக் கோயில்துப்பா?”

“டீக்கடைதுங்க,” என்றான் அருள்.

அவர் அதிலும் ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்டு போனார்.

நதியா ஒவ்வொரு சாம்பலையும் சின்னச் சின்னச் சில்லுகளில் பூசிச் சுட்டுப் பார்த்தாள். வேலிக்காத்தான் கரையின் பச்சையைத் தந்தது. புளி, பாதையின் பழுப்பு. வைக்கோல் சாம்பல்தான் ஆளை அசத்தியது. பால் கலந்த நீலம். அந்தச் சில்லை ஏரிக்கு எடுத்துப்போய்த் தண்ணீருக்கு நேராகப் பிடித்துப் பார்த்தவள், அன்று வேறு வேலையே செய்யவில்லை.

பன்னிரண்டு டைலையும் சூளைக்குள் அடுக்கியவன் அருள். சுட்டு, ஆறவிட்டு, மூன்றாம் நாள் திறந்தார்கள். மேல்தட்டில் வானமும் மரங்களும் அழகாக வந்திருந்தன. கீழ்த்தட்டில் ஏரி கரையைத் தாண்டி வழிந்து, வீட்டை மூழ்கடித்திருந்தது.

“தட்டு சாய்ஞ்சிருக்குது,” என்றாள் நதியா. “ரசமட்டம் வெச்சிப் பாத்தியா?”

“பாத்தேனே.”

“எந்தப் பக்கம்?”

“ஒரு பக்கம்.”

கிரகப்பிரவேசத்துக்கு நான்கே நாள்; மறுபடி சுட நேரமில்லை. உள்ளதை உள்ளபடி காட்டிவிடலாம் என்று தாமலுக்கு எடுத்துப்போய்க் கூடத்தில் பரப்பினாள். கோதண்டபாணி குனிந்து தேடினார்.

“வூடு எங்கமா?”

“தண்ணிக்குள்ள இருக்குதுங்கய்யா.”

தேவகி சிரித்த சிரிப்பில் கையிலிருந்த சொம்பு தளும்பியது. “ஏரி வழியிற எடத்துல கட்டாதீங்கன்னு நான் சொன்னப்ப கேக்கல. இப்ப வைக்கோலு சொல்லுது, கேளுங்க.”

கிரகப்பிரவேசம் முடிந்ததும் வேறு செய்து தருவதாக நதியா சொன்னாள். கோதண்டபாணியோ வழிந்த நீலத்தை விரலால் தொட்டுக்கொண்டே போனார். விரல் வீடு மூழ்கிய இடத்தின் பின்பக்கம் வந்து நின்றது.

“நெசமாவே தண்ணி இந்த வழியாத்தான் வரும்,” என்றார் மெதுவாக. பிறகு கொத்தனார் குருவுக்குப் போன் போட்டார். “குரு, டைல்ஸ் அப்புறம் ஒட்டிக்கலாம்பா. மொதல்ல வூட்டுக்குப் பின்னால ஒரு கால்வாய் வெட்டணும், ஆளக் கூட்டிக்கினு வா.”

கால்வாயும் வெட்டியாயிற்று, ஏரியும் சுவரேறியது. கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர், படத்தில் வீடு எங்கே என்று கேட்டார்கள்.

“வூட்டுக்குள்ளதான நிக்கற? படத்துல வேற எதுக்கு?” என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார் கோதண்டபாணி.

பந்தியில் மாகறல்காரர் ஒருவர் நதியாவின் எதிரில் வந்து உட்கார்ந்தார். “எங்க ஊரு ஏரியும் ஒண்ணு செஞ்சி குடும்மா. ஆனா இதேமாரி ரொம்பி வழியணும்.”

நதியா தயங்கினாள். பக்கத்தில் அருள், லட்டு அடைத்த வாயோடு, “அது என் டிபார்ட்மென்ட்டுங்க,” என்றான்.