ரெண்டு பக்கமும் காஜா

"ரெண்டு பக்கமும் காஜா போட்டா பட்டனை எங்க தைக்கிறது? என் நெத்தியிலயா?"

நாத்தனார் சட்டையை விரித்துக் காட்டினாள். இடது பட்டியிலும் ஓட்டை, வலது பட்டியிலும் ஓட்டை. காஜா மெஷினில் உட்கார்ந்திருந்தவள், வேறு யாரோ செய்த வேலையைப் போல அதைப் பார்த்தாள். கல்யாணமாகி இந்தத் தையல் கடைக்கு வந்ததிலிருந்து காஜா அவள் பொறுப்புதான். தப்பாகப் போட்ட தையலைப் பிரித்துவிடலாம். வெட்டிய துணியை என்ன செய்வது? கூடையில் இன்னும் சில சட்டைகள் அதே கதியில் கிடந்தன.

"உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"அவளுக்கென்னக்கா, நல்லாத்தான் இருக்கா. தூக்கம் பத்தல," என்றான் பக்கத்து மெஷினிலிருந்த புருஷன். கெட்டவன் இல்லை. அவளைக் கேட்கிற கேள்விக்கெல்லாம் முந்திக்கொண்டு பதில் சொல்லிப் பழகிவிட்டான், அவ்வளவுதான்.

"உன்னையாடா கேட்டேன்? அவளுக்கு வாய் இல்ல?"

அவன் மெஷினை மிதிக்கத் தொடங்கினான்.

"தூங்கத்தான் செய்றேன் அண்ணி. எந்திரிக்கத்தான் பிடிக்கல," என்றாள் அவள். "சோறு மண்ணு மாதிரி இருக்கு. பாப்பா மடியில உக்காந்து சிரிச்சாக்கூட, எங்கயோ தெருக்கோடியில கேக்குற மாதிரி இருக்கு. ரொம்ப மாசமா இப்படித்தான்."

மெஷின் நின்றது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே."

"நான் வாயத் திறக்குறதுக்குள்ள நீங்களே சொல்லி முடிச்சிடுறீங்க."

நாத்தனார் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "மனசுக்குப் பார்க்கிற டாக்டரம்மா ஒருத்தங்க இருக்காங்க. கடையைப் பூட்டுங்க, போலாம்."

"பைத்தியம்னு பேசுவாங்கக்கா," என்றான் அவன்.

"பேசட்டும்." சொன்னது நாத்தனார் இல்லை, அவளேதான். செருப்பையும் மாட்டிக்கொண்டாள்.

டாக்டர் அறைக்கதவு திறந்ததும் வழக்கம்போல அவன்தான் முதலில் எழுந்தான். அவள் அவன் தோளை அழுத்தி உட்கார வைத்தாள். "நோவு என்னுது. நானே சொல்லிக்கிறேன்."

உள்ளே திக்கினாள், நிறுத்தினாள், மறுபடி தொடர்ந்தாள். டாக்டரம்மா அவசரப்படுத்தவில்லை. "இது சோம்பேறித்தனம் இல்லம்மா, நோய். சரிபண்ணலாம். வீட்டுக்காரருக்கும் புரிஞ்சா உங்களுக்கு நல்லது. கூப்பிடட்டுமா?"

கதவுக் கண்ணாடி வழியே அவன் தெரிந்தான், சட்டை நுனியைத் திருகிக்கொண்டு. உள்ளே விட்டால் பேச்சைப் பிடுங்கிக்கொள்வான். விடாவிட்டால் ஒன்றுமே விளங்காமல் வீட்டில் கூடவே இருப்பான்.

"வரட்டும்," என்றாள். "ஆனா நான் முடிக்கிற வரைக்கும் அவர் வாயத் திறக்கக் கூடாது."

அவன் உள்ளே வந்து தலையாட்டி உட்கார்ந்தான். உதடு அதற்குள் பேசத் துடிக்க ஆரம்பித்துவிட்டது.

நீங்க என்ன நினைக்கிறீங்க, அந்த மனுஷன் கடைசி வரைக்கும் தாக்குப்பிடிச்சிருப்பாரா?