தேடப்பட்ட முகம்

சினிமா கம்பெனியின் காத்திருக்கும் அறையில் உட்கார இடமில்லை. சலவைக் கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே இஸ்திரி போட்டுப் பழகிய கால்கள்தான், ஆனாலும் இன்று வலித்தன. முதலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய அரை நாள் விடுப்பு வேறு கரைந்துகொண்டிருந்தது. நாற்பதைத் தாண்டிய பிறகு நடிப்பு ஆசை வந்தால் இப்படித்தான் படவேண்டும் என்று தன்னையே நொந்துகொண்டாள்.

ஆசை திடீரென்று முளைத்ததல்ல. விடுமுறை நாட்களில் ஒரு நாடகக் குழுவில் நடித்துக் கைதட்டல் வாங்குகிறவள் அவள். குழுவில் ஒருவர்தான் ஏஜென்ட்டிடம் அனுப்பிவைத்தார். நடிக்க ஆசைப்படுகிறவர்களின் படங்களை சினிமா கம்பெனிகளுக்கு அனுப்பி வாய்ப்புப் பிடித்துத் தருவது அந்த மனிதரின் தொழில். அவர் இவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"போட்டோவை அப்படியே அனுப்பினா எவனும் திரும்பிப் பார்க்க மாட்டான்மா. கம்ப்யூட்டர்ல கொஞ்சம் சரி பண்ணிடலாம்."

சரி பண்ணியதில் நிறம் பல படி ஏறியது. கண்ணுக்குக் கீழிருந்த கருவளையம் போன இடம் தெரியவில்லை. நெற்றிச் சுருக்கமும் கன்னத்து மருவும் மாயம். வீட்டில் காட்டியபோது, "யாரு இது, உன் ஒன்னுவிட்ட தங்கச்சியா?" என்றார் கணவர். அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உண்மையைச் சொன்னால், அந்தப் படம் அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. கண்ணாடியைப் பார்ப்பதைவிட அதைப் பார்ப்பது எவ்வளவோ தேவலை.

ஒருவழியாக அவள் முறை வந்தது. உள்ளே, நடிகர்களைத் தேர்வு செய்யும் பெண்மணி கையில் அந்தப் படத்தோடு உட்கார்ந்திருந்தார். படத்தைப் பார்த்தார், இவளைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

"இவங்க வரலையா? நீங்க துணைக்கு வந்தவங்களா?"

"நான்தாங்க அது."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். பணக்கார வீட்டு அம்மா வேஷத்துக்காகத்தான் அந்தப் படத்தைப் பார்த்துக் கூப்பிட்டிருந்தார்கள். இவ்வளவு தூரம் வந்ததற்காவது நடித்துக் காட்டுங்கள் என்றார் பெண்மணி. வேலை முடிந்து வீடு திரும்பி, தூங்கும் பிள்ளையை எழுப்பாமல் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு தாயை அவள் நடித்தாள். முடித்தபோது பெண்மணி தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இந்த முகத்தை எங்கெல்லாம் தேடினோம் தெரியுமாம்மா? உழைச்சு உழைச்சு ஓய்ஞ்சுபோன ஒரு அம்மா. படத்துலயே பெரிய வேஷம் அதுதான். உங்க ஏஜென்ட்கிட்டயும் கேட்டோம், அப்படி யாரும் இல்லைன்னுட்டார். நேத்துதான் வேற ஒருத்தரை முடிவு பண்ணோம். கையெழுத்தும் ஆயிடுச்சு."

எப்படிப் படியிறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. கடைக்குத் திரும்பும் வழியில்தான் ஏஜென்ட்டின் அலுவலகம். உள்ளே போய் நடந்ததைச் சொன்னாள்.

"உன் நல்லதுக்குத்தானேம்மா பண்ணேன்," என்றார் அவர். "உள்ளதை உள்ளபடி காட்டினா இந்தத் தொழில்ல எடுபடுமா?"

"உங்களை மட்டும் சொல்லி என்ன சார், நானும்தானே தலையாட்டினேன். கறுப்பா இருந்தா குறைச்சல், களைச்சுத் தெரிஞ்சா அசிங்கம்னு சின்ன வயசுலேருந்து ஊரே சொன்னதை நம்பிட்டேன். அவங்க என் முகத்தைத் தேடி உங்க வாசல் வரைக்கும் வந்திருக்காங்க. நாமதான் அதை அழிச்சுட்டு, இல்லைன்னு சொல்லி அனுப்பியிருக்கோம். அந்தப் போட்டோவை எடுத்துடுங்க சார், என் பேரையும் எடுத்துடுங்க. என் முகத்தைக் காட்டவே கூச்சப்படுற நீங்க எனக்காக எப்படி வாய்ப்புக் கேப்பீங்க?"

"வேற யாரும்மா உன்னைச் சேர்த்துக்குவாங்க? எல்லாரும் வேணாம்னுதான் சொல்லுவாங்க."

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"சொல்லட்டும் சார். ஆனா இனிமே யாரா இருந்தாலும், என்னைப் பார்த்துட்டு வேணாம்னு சொல்லட்டும்."