கைரியா சாச்சியும் பழைய புரொசஸரும்

நான் பயந்தவள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் கேட்க வேண்டாம். மின்னல் வெட்டினால் கம்பியூட்டர் பிளக்கைக் கழற்றுவேன். கழற்றிய பிளக்கை இன்னொரு தடவை போய்ப் பார்ப்பேன். என் கணவர் அரூஸ் பள்ளிக்கூட வாத்தியார். "பயப்பட ஒண்டும் இல்லாட்டி நீ அதுக்கும் பயப்படுவ" என்று சொல்லிச் சிரிப்பார். அவருக்கென்ன, கல்யாண வீடியோ எடுத்துப் பிழைப்பவரா அவர்?

அலவத்துகொடையிலிருந்து அக்குறணை வரைக்கும் நிக்காஹ் வீடுகளில் பெண்கள் பக்கம் கமராவோடு நிற்பது பெரும்பாலும் நான்தான். ஆண்கள் பக்கம் எடுக்க எத்தனையோ பேர் இருக்கிறார்கள். பெண்கள் பக்கம் வேறு. திரைக்கு அந்தப்புறம் போனதும் எல்லோரும் பர்தாவைக் கழற்றுவார்கள், தலைமுடி தெரியும், பாட்டுப் பாடுவார்கள், ஒருவரையொருவர் கேலி பண்ணுவார்கள். அங்கே எடுப்பதை எந்த ஆணும் பார்க்கக் கூடாது. எடுப்பது நான், வெட்டி ஒட்டுவது நான், பென் ட்ரைவில் போட்டு வெல்வெட் பெட்டியில் வைத்து மணப்பெண்ணின் கையில் கொடுப்பதும் நான். மாடியில் கம்பியூட்டர் இருக்கிற அறைக்கு அரூஸ்கூடக் கதவைத் தட்டிவிட்டுத்தான் வருவார். ஒரே ஒரு படம் வெளியே போனாலும் அடுத்த நாள் என்னை ஒருவரும் கூப்பிட மாட்டார்கள்.

போன மாதம் ஜஹானாவின் கல்யாணம். அவளுடைய உம்மா கைரியாவை நான் சாச்சி என்று கூப்பிடுவேன், உறவு ஒன்றும் இல்லை. அடையாள அட்டைக்கு எடுத்ததைத் தவிர அவர் தன் வாழ்நாளில் ஒரு போட்டோவுக்கு நின்றதில்லை. கல்யாணத்தன்றும் கமராவைக் கண்டதும் கையால் முகத்தை மூடிக்கொண்டார். நான் பூட்டி வைப்பேன் என்று சமாதானம் சொன்னேன். சொன்னது சொன்னதாக இருக்க வேண்டுமே என்ற பயத்தில் அன்று வீட்டுக்கு வந்ததும் கம்பியூட்டருக்குள் போய் டிஸ்க் முழுவதையும் பூட்டிவிட்டேன். நாற்பத்தெட்டு இலக்கத்தில் ஓர் அவசரச் சாவி தந்தது. அதை ஒரு பென் ட்ரைவில் போட்டு வைத்தேன். பூட்டிய விசயத்தை யாரிடமும் சொல்லவில்லை, அரூஸிடம்கூட.

கல்யாணம் முடிந்து இருபத்து மூன்றாம் நாள் கைரியா சாச்சி மௌத்தாகிவிட்டார். காலையில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றவர், அப்படியே சரிந்து இறந்துவிட்டாராம்.

ஜஹானா மாப்பிள்ளையோடு தோஹாவுக்குப் போவது சனிக்கிழமை. "வேற ஒண்டும் வாணாம் தாத்தா. உம்மா வார இடங்கள மட்டுமாவது தாங்க" என்றாள். எங்கள் ஊரில் அக்காவைத்தான் தாத்தா என்போம். கமரா கார்டுகளை அடுத்த கல்யாணத்துக்காக எப்போதோ அழித்துவிட்டேன். வெளி டிஸ்க் ஒன்று இருந்தது, அது மேசையிலிருந்து விழுந்த நாளிலிருந்து வேலை செய்வதில்லை. ஆக, அடையாள அட்டையை விட்டால், அந்த மனுஷியின் முகம் இந்த உலகத்தில் இருந்தது என் கம்பியூட்டருக்குள் மட்டும்தான்.

அந்தக் கம்பியூட்டர் வீடியோவைக் கோர்க்கிற நேரம், நூற்றுக்கு அறுபத்தொரு வீதத்தில், படாரென்று அணைந்தது. மறுபடி போட்டேன், மறுபடி அணைந்தது. மூன்றாம் தடவை வயர் கருகுகிற மாதிரி ஒரு வாடையும் வந்தது. கட்டுகஸ்தோட்டையில் கம்பியூட்டர் கடை வைத்திருக்கும் அர்கம் நானாவுக்குப் போன் பண்ணினேன். நானா என்றால் எங்களுக்கு அண்ணன்.

"எட்டு வருசப் பழசு தங்கச்சி. புரொசஸர் சூடாகித்தான் நிக்கிது. அந்த போர்டுக்கே இதவிடப் பெரிய புரொசஸர் ஒண்டு எனக்கிட்ட ஈக்கி. கொண்டாங்க, ஒரு மணித்தியாலத்துல மாத்தித் தாரன்."

"கடைக்குக் கொண்டு வர ஏலாது நானா. அதுல பொம்பளப் பக்கம் ஈக்கி."

"நான் ஒண்டும் பாக்க மாட்டன்."

"நீங்க பாக்க மாட்டீங்க. ஆனா ஓடவிட்டுப் பாக்காம, சரியாகிட்டு எண்டு எப்பிடிச் செல்லுவீங்க?"

கடையில் அவர் தனி ஆள், விட்டுவிட்டு வரவும் முடியாது. "அப்ப நீங்களே மாத்துங்க. நான் போன்ல செல்லித் தாரன். நாம மாத்துறது மூளைய மட்டும்தான். டிஸ்க்குல ஈக்கிறதுக்கு ஒண்டும் ஆகாது" என்றார்.

அன்று மாலையே புரொசஸரை பஸ்ஸில் கொடுத்தனுப்பிவிட்டார். தீப்பெட்டியளவு பொருள். இரண்டு நாள் அதை அலுமாரிக்குள் வைத்துவிட்டு அலுமாரியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். மாற்றாவிட்டால் வீடியோ முடியாது. இப்படியே அணைந்து அணைந்து எரிந்தால் ஒருநாள் டிஸ்க்கும் போய்விடும். மாற்றப் போய் நானே எதையாவது உடைத்தால்? அரூஸ் "மாத்து, இல்லாட்டி மாத்தாதே, ரெண்டுல ஒண்டு செய்" என்றார். ஆண்களுக்கு எல்லாம் இரண்டில் ஒன்றுதான்.

செவ்வாய்க்கிழமை காலை, அரூஸ் பள்ளிக்கூடம் போனதும், பிஸ்மி சொல்லி மூடியைக் கழற்றினேன்.

புரொசஸருக்கு மேலே ஒரு பெரிய ஃபேன் உட்கார்ந்திருக்கும். கொக்கிகளைக் கழற்றியும் அது அசையவில்லை. போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். "இழுங்க தங்கச்சி, பயப்படாம இழுங்க" என்றார் நானா. பயப்படாமல் இழு என்று என்னிடம் சொன்னால் எப்படி? கண்ணை மூடிக்கொண்டு இழுத்தேன். சூடு கடத்த இடையில் தடவிய பசை எட்டு வருசத்தில் காய்ந்து போயிருந்ததால் ஃபேனோடு சேர்ந்து பழைய புரொசஸரும் பிடுங்கிக்கொண்டு வந்தது. வந்த வேகத்தில் மேசை விளிம்பில் அடிபட்டது. அடியில் ஆயிரத்துச் சொச்சம் ஊசிக் கால்கள், எல்லாம் தலைமுடியளவு. அதில் மூன்று மடங்கிப் போயிருந்தன.

"பழசுதானே, போகட்டும்" என்றார் நானா. எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. பழசை ஃபேனிலிருந்து பெயர்த்து ஒரு சோசருக்குள் தூக்கிப் போட்டேன். புதியதை வைத்தேன், பசை தடவினேன், ஃபேனை மாட்டினேன். சுவிட்சைப் போட்டதும் ஃபேன் சுற்றியது. அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டுச் சொன்னேன்.

அப்போது கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் இங்கிலீஷில் ஏதோ வந்து நின்றது.

"புது புரொசஸரக் கண்டிட்டு எண்டு வருதா?" என்று கேட்டார் நானா. "எல்லாருக்கும் வாரதுதான். யெஸ்ஸ அழுத்துங்க."

விரலைக் கொண்டுபோய் வைத்தேன். விரல் நுனி விசையில் பட்டும் விட்டது. ஆனால் நான் பயந்தவளாயிற்றே. கையெழுத்துப் போடுகிற இடத்தில்கூட எல்லாவற்றையும் இரண்டு தரம் வாசிப்பவள். விரலை எடுக்காமல் வாசித்தேன். யெஸ் கொடுத்தால் பழைய சாவிகள் அழிக்கப்படும் என்றிருந்தது. டிஸ்க் பூட்டப்பட்டிருந்தால், அவசரச் சாவி இல்லாமல் இனித் திறக்காது என்றும் இருந்தது.

"நானா," என்றேன். "டிஸ்க்க நான் பூட்டி வெச்சிருக்கன்."

மறுபக்கம் கதிரை இழுபடும் சத்தம். "யெஸ்ஸ அழுத்திட்டீங்களா?"

"இல்ல."

"கைய எடுங்க. எடுத்துட்டீங்களா? அந்தப் பூட்டுட சாவி பழைய புரொசஸரோட சேந்து ஈக்கிது தங்கச்சி. ஏன் எனக்கு முந்தியே செல்லல்ல? சரி, அவசரச் சாவி எங்க?"

பென் ட்ரைவில். பென் ட்ரைவ் எங்கே? மேசை லாச்சியைக் கொட்டினேன். வெல்வெட் பெட்டிகள், வயர்கள், காலாவதியான மருந்து. பிறகு நினைவு வந்தது. பதினைந்து நாளைக்கு முன்னால் மாத்தளை ரோட்டில் ஒரு கல்யாணம், பெண் அவசரமாக மெல்பர்னுக்குப் போகிறாள், கையில் புதுப் பென் ட்ரைவ் ஒன்றும் இல்லை. இருந்த ஒன்றை அழித்து, அவளுடைய வீடியோவைப் போட்டு, தங்க நிற ரிப்பன் கட்டிக் கொடுத்தேன். சாவியை அழித்தவள் நான். அதற்கு ரிப்பனும் கட்டியவள் நான்.

ஆண்கள் பார்க்காமலிருக்கப் பூட்டினேன். இப்போது நானே பூட்டுக்கு வெளியே நின்றேன். ஜஹானாவுக்கு என்ன சொல்வது? உங்க உம்மாவை நான் தொலைத்துவிட்டேன் என்றா?

"அழாம கேளுங்க," என்றார் நானா. "நோவ அழுத்துனா சாவிய ஒண்டும் செய்யாது. நிப்பாட்டிட்டுப் பழைய புரொசஸர திரும்ப மாட்டுனா, பூட்டு அதக் கண்டுபிடிச்சித் தொறக்கும். பழசு எங்க?"

சோசரைப் பார்த்தேன். மூன்று கால் மடங்கியது, எட்டு வருசப் பழசு, போகட்டும் என்று நாங்கள் இருவரும் கைகழுவியது.

நோவை அழுத்தி நிறுத்தினேன், புதியதைக் கழற்றி வைத்தேன். முந்தானையிலிருந்து குண்டூசியை எடுத்தேன். ஜன்னலோரம் வெளிச்சத்தில் உட்கார்ந்து, போனின் கமராவைப் பெரிதாக்கி, முதல் காலை நிமிர்த்தினேன். ஒரு கால் முறிந்தாலும் அவ்வளவுதான் என்று நானா சொல்லியிருந்தார். சொல்லாமலே இருந்திருக்கலாம். கொஞ்சம் தொடுவேன், நிறுத்துவேன், மூச்சுவிடுவேன், மறுபடி தொடுவேன். இரண்டாவது கால் வந்தது. மூன்றாவது, அடியோடு படுத்திருந்தது. அதை நிமிர்த்த நடுப்பகல் லுஹர் பாங்கு சொல்கிற வரைக்கும் ஆனது. இடையில் கீழே கேஸ் சிலிண்டர்காரன் கூப்பிட்டான், பதில் சொல்லவில்லை.

ஃபேனைத் திரும்ப மாட்டுமுன் அதன் இடுக்குகளைப் பார்த்தேன். தூசி கம்பளம் போல அடைத்துக் கிடந்தது. எட்டு வருசத்தில் ஒருநாளும் நான் இதைத் திறந்ததில்லை, தொட்டால் கெட்டுவிடும் என்ற பயம். மணப்பெண் அலங்காரத்துக்கு வைத்திருந்த பிரஷ்ஷால் எல்லாவற்றையும் வழித்தெடுத்தேன். புதுப் பசை தடவினேன். புரொசஸரை அதன் இடத்தில் வைத்தேன். தள்ளாமல், அழுத்தாமல், அது தானாகவே உள்ளே இறங்கியது.

சுவிட்சைப் போட்டேன். திரை கறுப்பாகவே இருந்தது. எத்தனை தரம் ஸலவாத்துச் சொன்னேனோ தெரியாது. பிறகு கடவுச்சொல் கேட்கும் அந்தப் பழைய நீலத் திரை வந்தது. நான் மேசையில் தலையை வைத்து, வெட்கமில்லாமல் ஓவென்று அழுதேன். "சரியா? சரியா தங்கச்சி?" என்று போன் கேட்டுக்கொண்டே இருந்தது.

முதல் வேலையாக அந்த நாற்பத்தெட்டு இலக்கத்தையும் கம்பியூட்டரிலிருந்தே திரும்ப எடுத்து, கையால் எழுதிக் குர்ஆன் உறைக்குள் வைத்தேன். அதன் பிறகு வீடியோவைக் கோர்க்கவிட்டேன். மேசை ஃபேனைத் திறந்த பெட்டிக்கு நேரே வைத்து, பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்தேன். அறுபது, அறுபத்தொன்று. நான் மூச்சுவிடவில்லை. அறுபத்திரண்டு. ஆமை வேகம்தான், ஆனால் நிற்கவில்லை. புதன்கிழமை பகல் முடிந்தது. அந்த மெஷினுக்கு வேண்டியிருந்தது புதிய மூளை அல்ல, தூசி தட்ட ஓர் ஆள். புதிய புரொசஸரை வந்த பஸ்ஸிலேயே திருப்பி அனுப்பினேன்.

வியாழக்கிழமை ஜஹானா வந்தாள். கையில் பெட்டியைக் கொடுத்தேன். "இங்கயே ஒருக்கா பாக்கட்டுமா?" என்றாள். வீட்டில் மாப்பிள்ளையும் சொந்தங்களும் இருக்கிறார்களாம். கதவைப் பூட்டிவிட்டுப் போட்டுவிட்டேன்.

கைரியா சாச்சி கையால் முகத்தை மூடிக்கொண்டு நின்றார். விரல்களில் மருதாணி.

"யாரு மகள் இதப் பாக்கப் போற?"

படத்துக்கு வெளியிலிருந்து என் குரல் வந்தது, சிரித்துக்கொண்டு, கொஞ்சமும் பயமில்லாமல்.

"ஒருத்தரும் பாக்க மாட்டாங்க சாச்சி. நான் பூட்டி வெப்பன்."

கை மெல்ல இறங்கியது. கைரியா சாச்சி கமராவைப் பார்த்துச் சிரித்தார், முன்பல் ஒன்று இல்லாத சிரிப்பு.

செவ்வாய்க்கிழமை என் விரல் கொஞ்சம் கீழே போயிருந்தால் அந்த வாக்கு அப்படியே நிறைவேறியிருக்கும். ஒருத்தரும் பார்த்திருக்க மாட்டார்கள், இவளும்.

ஜஹானா அழவில்லை. திரைக்குக் கிட்டே வந்து உட்கார்ந்தாள்.

"தாத்தா, உம்மா கைய எடுக்கிற இடத்த மட்டும் திரும்பப் போடுங்க."

கதவு பூட்டியிருக்கிறதா என்று இன்னொரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்து, திரும்பப் போட்டேன்.