டெஸ்மண்டின் பாதி

லிங்கராஜபுரத்து வீட்டை விற்க அனுமதி கேட்டு ஜூலியா நீதிமன்றத்துக்கு நடக்கத் தொடங்கிப் பதினான்கு மாதம் ஆகிவிட்டது. அப்பா அந்த வீட்டை அவளுக்கும் தம்பி டெஸ்மண்டுக்கும் சரிபாதியாக எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தார். டெஸ்மண்டுக்கு நாற்பத்தெட்டு வயது. அறிவு மட்டும் ஏழெட்டு வயதோடு நின்றுவிட்டது. சட்டப்படி ஜூலியாதான் அவனுக்குக் காப்பாளர். ஆனாலும் அவன் பாதியை விற்க நீதிபதி சம்மதிக்க வேண்டும்.

விற்பதே அவனுக்காகத்தான். கீழே கடைகள், இவர்கள் குடியிருப்பது மாடியில். அந்தச் செங்குத்துப் படியில் டெஸ்மண்ட் இரண்டு முறை விழுந்தான். முழங்கால் இனித் தேறாது என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். பிரேசர் டவுனில் தரைத்தள வீடு ஒன்றை அவள் பார்த்துவைத்திருந்தாள்.

முதலில் வக்கீல் ஃபிராங்க்ளினுக்குக் காய்ச்சல். பிறகு நீதிபதிக்கு மாற்றல். புதியவர் வந்தபோது வீட்டின் மதிப்பீட்டு அறிக்கை பழசாகிவிட்டது என்றார்கள். அதைப் புதிதாக வாங்கிக் கொடுத்தால் டாக்டர் சான்றிதழ் பழசாகியிருந்தது. வீட்டை வாங்க வந்த ராஜேஷ்குமாரோ தினமும் போன் செய்து, "ஏனாயித்து மேடம், என்னாச்சு? ஆர்டர் வந்துச்சா?" என்று பிராணனை வாங்கினார்.

கடைசியில், டெஸ்மண்டை நேரில் பார்க்க வேண்டும் என்றார் நீதிபதி. ஆட்டோவில் கூட்டிப்போனாள். கோர்ட் இருந்தது மூன்றாவது மாடியில். லிஃப்டில் 'ரிப்பேர்' என்று அட்டை தொங்கியது.

"மெதுவா ஏத்திடலாம்க்கா. நான் ஒரு பக்கம் புடிக்கிறேன்," என்றார் ஃபிராங்க்ளின்.

டெஸ்மண்ட் படிகளைப் பார்த்துவிட்டு அவள் சேலையைப் பிடித்துக்கொண்டான். ஜூலியாவுக்குப் பொறுமை போயிற்று.

"படி ஏற முடியலன்னுதானே இத்தன மாசமா கேஸ் நடத்துறோம்? மேல போயி அதையே சொல்லுங்க."

"ஜட்ஜ் கோச்சுக்குவாங்க."

"கோச்சுக்கட்டும். நான் கோச்சுக்கக் கூடாதா?"

மதிய இடைவேளையில் நீதிபதியம்மாவே இறங்கி வந்தார். மன்னிப்புக் கேட்க எழுந்த ஜூலியாவைக் கையமர்த்திவிட்டு, பெஞ்சில் டெஸ்மண்டின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வீட்டை விக்கலாமா? உங்களுக்கு இஷ்டமா?"

டெஸ்மண்ட் அக்காவைக் கைகாட்டினான். "ஜூலிக்கா என்கூட வருமா? இல்ல, என்னை மட்டும் எங்கயாவது உட்டுருமா?"

எத்தனை காகிதங்களில் ஜூலியா அவனுக்காகக் கையெழுத்துப் போட்டிருப்பாள். ஒருநாள்கூட அவனிடம் விஷயத்தைச் சொல்லவில்லை.

"நானும்தான்டா வரேன்."

"அப்ப விக்கலாம்," என்றான்.

பத்தே நாளில் உத்தரவு வந்தது. மூன்று மாதத்துக்குள் விற்க வேண்டும், மதிப்பீட்டு விலைக்குக் குறையக் கூடாது, புது வீட்டில் பாதி டெஸ்மண்ட் பெயரில் இருக்க வேண்டும். கெடு விஷயம் எப்படியோ ராஜேஷ்குமார் காதுக்கு எட்டிவிட்டது.

"மார்க்கெட் டல்லு மேடம். உங்களுக்கும் டைம் இல்ல. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க."

"நான் பண்ணிக்குவேன். ஜட்ஜம்மாதான் கொறைக்கக் கூடாதுன்னு எழுதிட்டாங்க. வேணும்னா அவங்ககிட்ட பேசிப் பாருங்க."

அவர் அப்புறம் விலை பேசவில்லை. மறு மாதமே பத்திரப்பதிவு முடிந்தது.

அதற்கு முன்பே ஒருநாள் டெஸ்மண்டுக்குப் புது வீட்டைக் காட்டி, பிடித்திருக்கிறதா என்று கேட்டாள். அறை அறையாக நடந்து பார்த்துவிட்டு, சமையலறை சின்னது என்று குறை சொன்னான்.