படுத்தபடி ஒரு ஊசி

காலை ஒன்பது மணிக்குப் பள்ளியில் தொடங்கிய தடுப்பூசி வேலை. மணி நாலரையாகியும் பட்டியலில் ஒரு பெயர் மிச்சமிருந்தது. நர்ஸுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது.

மதியத்துக்குள் இரண்டு பிள்ளைகள் மயங்கி விழுந்திருந்தார்கள். ஊசி போட்டுக்கொண்டு எழுந்தவள் ஒருத்தி; அதைப் பார்த்து, வரிசையில் நின்றபடியே சரிந்தவள் இன்னொருத்தி. அப்போதுதான் நர்ஸ் கறாராகச் சொல்லிவிட்டாள்: "வரிசையே வேண்டாம் டீச்சர். ஒவ்வொருத்தரா நூலக அறைக்கு அனுப்புங்க." நேரமாகும் என்று டீச்சர் முணுமுணுத்தார். ஆனது. ஆனால் அதன்பின் யாரும் விழவில்லை.

கடைசிப் பெயருக்கு உரியவள் கதவோரம் வந்து நின்றாள். பதினைந்து வயது, கதவுநிலையைத் தொடும் உயரம். பள்ளியில் அவளை 'கொடிக்கம்பம்' என்றுதான் கூப்பிடுவார்களாம்.

"நான் வெளியில போட்டுக்கிட்டேன் சிஸ்டர்."

பச்சைப் பொய். கண்ணே காட்டிக்கொடுத்தது. 'சரி' என்று ஒரு வார்த்தை சொன்னால் நர்ஸ் வீட்டுக்குப் போய்விடலாம். வெளியே வேன் டிரைவர் ஏற்கெனவே இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டார்.

"கதவச் சாத்திட்டு வா, கண்ணு."

அவள் வந்தாள். தாடையின் கீழ் வெள்ளையாக ஒரு தழும்பு.

"போன வருஷம் ஊசி போட்டப்ப விழுந்தேன். மேசை முனை இடிச்சு நாலு தையல். எனக்குப் பயமெல்லாம் இல்ல சிஸ்டர். உடம்புதான் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது."

"அது உன் தப்பு இல்ல. சில உடம்புக்கு ஊசியக் கண்டா ரத்த அழுத்தம் சட்டுனு இறங்கிடும். படு."

"படுத்துக்கிட்டா?"

"படுத்திருக்கறவ எங்க விழப்போற?"

தரையில் விரித்திருந்த பாயில் நீட்டிப் படுத்தவளின் கால்கள் வெளியே போயின. நர்ஸ் முட்டி முனக முனகப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தொடையையும் கெண்டைக்காலையும் இறுக்கு. முகம் சூடாகுற வரைக்கும். ம்... இப்ப லேசா விடு. மறுபடி இறுக்கு. ஊசி போடுற கைய மட்டும் தொளதொளன்னு விட்டுடு."

ஐந்தாவது முறை இறுக்கும்போது ஊசி ஏறி இறங்கியது. பிள்ளையின் முகம் வெளிறியது. மேலுதட்டில் வேர்வை அரும்பியது. "விடாத, இறுக்கு, இறுக்கு" என்றாள் நர்ஸ். மெல்ல மெல்ல உதட்டில் நிறம் திரும்பியது.

"முடிஞ்சிருச்சா?"

"எப்பவோ."

அவள் கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். பிறகு கேட்டாள்: "இத ஏன் போன தடவையே சொல்லல?"

"யாரு போட்டாங்களோ, அவங்களுக்கு..."

"நீங்கதான் போட்டீங்க. 'இவ்ளோ உயரமா வளந்துட்டு என்ன நடுக்கம்'னு கேட்டீங்க. எல்லாரும் சிரிச்சாங்க."

நர்ஸுக்குச் சுருக்கென்றது. நினைவைத் துழாவினாள். ஒன்றும் அகப்படவில்லை. எத்தனை பள்ளி, எத்தனை கை. தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் படுக்கவைத்து இறுக்கச் சொல்லும் இந்த வழியெல்லாம் அப்போதே அவளுக்குத் தெரியும்.

"அன்னிக்கு முந்நூறு பேரு. சீக்கிரம் முடிக்கணும்னு மட்டும்தான் இருந்துச்சு. மன்னிச்சுக்கம்மா."

பிள்ளை தாடைத் தழும்பைத் தடவினாள். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

வெளியே மூன்றாவது ஹாரன் கேட்டது.

"நீங்க கிளம்புங்க சிஸ்டர். நான் எழுந்துக்கறேன்."

"பதினஞ்சு நிமிஷம் ஆகாம அசையக்கூடாது. அவர் அடிச்சுக்கிட்டே இருக்கட்டும்."

நர்ஸ் செருப்பைக் கழற்றினாள். அடுத்த பாயை இழுத்துப்போட்டு அவளும் காலை நீட்டிப் படுத்தாள். முதுகு தரையில் பட்டதும் தன்னையறியாமல் 'அப்பாடா' என்றது வாய்.

"தூங்கிடாதீங்க" என்றாள் பிள்ளை.

"தூங்கினா எழுப்பிவிடு" என்று சொல்லி முடிப்பதற்குள் நர்ஸுக்குக் கண் சொக்கிவிட்டது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி கிடந்த பிள்ளை, பதினைந்து நிமிடத்துக்கு மேல் இன்னும் ஐந்து நிமிடம் விட்டுத்தான் எழுப்பினாள்.