வாயால் போட்ட ஓட்டு

ஹாலின்டன் நகர மன்றத்தின் கட்டட அனுமதிக் குழுவில் மொத்தம் பதினொரு பேர். அதில் ஆறு பேர் பாலின் ஹாவொர்த்தின் பக்கம் என்று கவுன்சிலர் ரோலண்ட் கிரிம்ஷா விரல் விட்டு எண்ணி வைத்திருந்தார். அந்த ஆறாவது ஆள் அவரேதான்.

பாலின் கேட்டது மாளிகை இல்லை. வீட்டின் முன்பக்கம் தரையோடு ஒரு அறை, அதையொட்டி சக்கர நாற்காலி நுழைகிற மாதிரி ஒரு குளியலறை. அவள் கணவர் நாரிஸுக்கு நரம்பு நோய். கால் போய், கை போய், இப்போது பேச்சும் குழறத் தொடங்கியிருந்தது. மாடிப்படி ஏற முடியாத மனிதரைப் பராமரிப்பு இல்லத்தில் விட்டுவிட்டு, தினமும் இரண்டு பஸ் மாறிப் போய்ப் பார்த்து வந்தாள். வருஷக் கடைசியைத் தாண்டுவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சாவதானால் வீட்டில் சாக வேண்டும் என்பது நாரிஸின் ஆசை.

தெருவில் எல்லா வீடும் ஒரே கோட்டில் நிற்கிறதாம், இது மட்டும் மூன்று மீட்டர் முன்னால் துருத்துமாம். அக்கம்பக்கத்தில் நாலு பேர் கடிதம் எழுதினார்கள். மே மாதம் தேர்தல். குழுவில் ஐந்து பேரை வைத்திருந்த ஆளுங்கட்சி அந்த நாலு கடிதத்தையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. அனுமதி விஷயத்தில் கட்சி பார்க்கக் கூடாது என்பது விதி. விதி அது பாட்டுக்கு இருக்கும். யார் எப்படிக் கை தூக்குவது என்பது முந்தின நாளே கட்சி அறையில் முடிவாகிவிடும்.

எதிர்க்கட்சிக்காரரான ரோலண்ட் நல்ல மனிதர்தான். செய்கிற நல்லதை நாலு பேர் பார்க்க வேண்டும் என்கிற சின்ன ஆசை மட்டும் உண்டு. பிப்ரவரியில் அவர் கட்சி அடித்த தேர்தல் நோட்டீஸில் பாலினோடு அவள் வீட்டு வாசலில் கட்டை விரலைத் தூக்கிக்கொண்டு நின்றார். கீழே கொட்டை எழுத்தில், ‘என் ஓட்டு பாலினுக்கே. யார் என்ன சொன்னாலும் மாறாது.’

மத்தியானம் இரண்டு மணிக்குக் கூட்டம் தொடங்கியதும் ஆளுங்கட்சியின் டெரிக் ஸ்லேட்டர் சட்டைப்பையிலிருந்து அந்த நோட்டீஸை எடுத்து, மன்றத்தின் சட்ட அதிகாரியான இளம்பெண்ணிடம் நீட்டினார். அவள் இரண்டு முறை படித்தாள்.

“கவுன்சிலர் கிரிம்ஷா, ரெண்டு தரப்பையும் கேட்டுட்டுதான் முடிவு பண்ணணும். நீங்க கேக்கறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிட்டீங்க. ஓட்டுப் போட முடியாது, வெளிய போயிடுங்க.”

புதுக் கவுன்சிலர்களுக்கு முதல் வாரமே சொல்லித் தருகிற பாடம் அது. பதினான்கு வருஷத்தில் எத்தனையோ புதியவர்களுக்கு ரோலண்டே சொல்லிக் கொடுத்திருக்கிறார். அது தேர்தலுக்காகப் போட்டது என்று முனகினார்.

“அது எங்களுக்கும் தெரியும், ரோலண்ட்” என்றார் ஸ்லேட்டர்.

ரோலண்ட் நடைக்கூடத்தில் உட்கார்ந்து கதவு வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பாலினுக்குப் பேச மூன்று நிமிடம் கொடுத்தார்கள். நாரிஸ் தன் கையால் சுவர்த்தாள் ஒட்டிய வீடு என்று சொல்லும்போதே மணி அடித்து நிறுத்திவிட்டார்கள். பிறகு ஓட்டெடுப்பு. ஐந்துக்கு ஐந்து. சமமாக வந்தால் தலைவருக்கு இன்னொரு ஓட்டு உண்டு. ஆளுங்கட்சிக்காரரான அவர் வேண்டாம் என்று கை தூக்கினார். மேல்முறையீடு செய்யலாம், ஏழெட்டு மாதம் ஆகும் என்று ஒரு குரல் சொன்னது. எதிரி கெடுத்திருந்தால் ரோலண்ட் திட்டியாவது தீர்த்திருக்கலாம்.

பாலின் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வெளியே வந்தாள்.

“தப்பு என்னோடது, பாலின். நான் வாயை மூடிட்டு இருந்திருந்தா...”

“எனக்குப் படம் எடுக்கறதே பிடிக்காது. நீ ஆசைப்பட்டியேன்னுதான் நின்னேன்” என்றாள். குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

பராமரிப்பு இல்லத்துக்குக் காரில் கூட்டிப் போவதாகவும், நாரிஸிடம் தானே சொல்வதாகவும் கெஞ்சினார்.

“வேண்டாம், ரோலண்ட். காலையிலேர்ந்து அவர் வாசலையே பாத்துட்டு இருப்பார். கூட நீயும் வந்தா, நல்ல சேதின்னு நினைச்சுப்பார்.”